சடையப்பன், ஆண், வயது ஐம்பத்திரண்டு

"பேஷண்ட் பேரு?"

"சடையப்பன்."

பேனாவும் கையுமாக இருந்த பிரிசில்லா தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சுடிதார்க் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியிருந்தது ஒரு இருபத்தேழு வயதுப் பெண்.

"வயசு?"

"அம்பத்திரண்டு."

"ஆணா பெண்ணான்னு நான் கேக்கல சார். நீங்களே சொல்லிடுங்க."

"ஆண்தான்," என்றார் பக்கத்தில் நின்ற சடையப்பன். சொல்லும்போதே ஒரு கொட்டாவி வந்தது.

மஞ்சக்குப்பத்தில் இரண்டே அறை கொண்ட அந்த லேபில் ரத்தம் எடுப்பதும் பிரிசில்லாதான், ரசீது போடுவதும் அவள்தான், சாயங்காலம் கூட்டிப் பூட்டுவதும் அவள்தான். அன்று காலையிலிருந்து இது பதினேழாவது ஊசி. யார் என்ன பேர் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் பக்குவத்துக்கு அவள் வந்து வெகுநாள் ஆகிறது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள்.

"ரத்தம் பாப்பாவுக்குத்தானே எடுக்கணும்?"

"ரத்தம் அவளுக்கு. பேரு எனக்கு. கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்மா. தைராய்டு அது இதுன்னு பேப்பர்ல பொண்ணு பேரு வந்துடக்கூடாது பாரு."

பிரிசில்லா மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஜில்லாவில் வயசுப்பெண்களுக்கு வியாதி வருவதில்லை. அவர்களுடைய அப்பாமார்களுக்குத்தான் வருகிறது. முந்தின வாரம் ஒரு அப்பாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்று எழுதச் சொல்லி ஒருவர் நின்றார். அதற்கு மட்டும் அவள் மறுத்துவிட்டாள்.

சடையப்பன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மைக்கைப் பிடித்து, "பண்ருட்டி வழியாக விழுப்புரம் செல்லும் பேருந்து" என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். ஒரே மகள் இளமதி, தனியார் பள்ளியில் டீச்சர். ஐந்து வருஷமாக வந்துபோன வரன்களில், ஜாதகம், நிறம், உயரம், சம்பளம் என்று எல்லாமே போக மிச்சம் நின்றது ஒன்றுதான். சிதம்பரத்துப் பையன் அருண்குமார், பாலிடெக்னிக்கில் வாத்தியார். இளமதியே வாயைத் திறந்து "இவர ஓகேன்னு சொல்லுங்கப்பா" என்று சொன்ன முதல் பையனும் அவன்தான். ஆனி மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அவளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எப்போது பார்த்தாலும் அசதியாக இருக்கிறது என்றாள். கடலூரின் உப்புத் தண்ணீரில் யாருக்கு முடி கொட்டவில்லை, அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு அசதி வராமல் வேறு யாருக்கு வரும் என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் "தைராய்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் தூக்கம் போனது. சடையப்பனைத் தவிர.

ஊசி குத்தி முடிந்ததும் சடையப்பன் தன் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"வந்தது வந்தோம். எனக்கும் ஒரு சுகர் பாத்துடும்மா."

நம் ஊரில் லேபுக்குப் போன எவரும் இதைச் சொல்லாமல் திரும்பியதில்லை.

"அதுக்கு என்னா பேரு?"

"சடையப்பன்தான்."

"அதுவும் சடையப்பனா?"

"அது நெசமான சடையப்பன்மா."

அந்த நேரம் கரண்ட் போயிற்று. பிரிசில்லா ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களிலும் சீட்டை ஒட்டினாள். ஒன்று தைராய்டுக்குச் சென்னைக்குப் போக வேண்டியது, இன்னொன்று சுகருக்கு இங்கேயே பார்க்க வேண்டியது. அடுத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சுகர் எண்பத்துநாலு. தைராய்டு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது, முப்பத்தெட்டு.

சடையப்பனின் மனைவி தங்கம்மாள் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

"உங்க வம்சத்துலேருந்துதான் வந்திருக்கும். எங்க பக்கம் யாருக்கும் கெடையாது."

"எங்க வம்சமா? என் சுகரு எவ்வளவு தெரியுமா? எண்பத்தி நாலு. இந்த வயசுல எந்த ஆம்பளைக்கு இருக்கு, சொல்லு."

அந்த எண்பத்துநாலைத் தவிர அவருக்குச் சந்தோஷப்பட வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. அதனால் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை ஜாஸ்தியாகப் போடச் சொன்னார். காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த பலாப்பழத்தில் பதினான்கு சுளை தின்றார். தின்றுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். தூங்குவதற்கு முன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

"சித்திரை வெயில்ல ஃபேன நிறுத்துற மனுஷன நான் எங்கயும் பாக்கல," என்றாள் தங்கம்மாள். "பொண்ணு வியாதியில கெடக்குறா, இவருக்குக் குளிருதாம். உடம்புல சொரண இருந்தாத்தானே."

கடலூரில் டாக்டரைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் அது விருத்தாசலம் வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் போகும். அதனால் சிதம்பரத்துக்கே போவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை ஊராச்சே என்று இளமதி சொன்னாள். "அவுங்க ஊர்லயே பாப்போம்னு அவுங்க எதிர்பாக்கமாட்டாங்க," என்றார் சடையப்பன். அசந்துபோன மூளைக்கு இதெல்லாம் பெரிய யோசனையாகத் தெரியும்.

ஹார்மோன் டாக்டர் செம்பியனின் ஆஸ்பத்திரி ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் கடலூர். டெப்போவில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவியும் மகளும், புதுப்பாளையத்து ரேஷன் கடைக்காரர் குடும்பம், எல்லாரும் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெரிந்த நாற்பது பேர் மூன்று மணி நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. கழுத்து வலித்தது. சடையப்பன் மட்டும் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார்.

டாக்டர் செம்பியன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு இளமதியைப் பார்த்தார்.

"சடையப்பன்?"

"நாந்தாங்க," என்றார் சடையப்பன். "ஆனா ரத்தம் பொண்ணோடது."

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "கவலப்படாதீங்க. எங்கிட்ட இருக்குற ஃபைல் முக்காவாசி அப்பாமாருங்க பேர்லதான் இருக்கு." இளமதியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "பாத்தா ஒண்ணும் தெரியல. ஆனா முப்பத்தெட்டுன்னு இருக்கே. எதுக்கும் இன்னொரு தடவ ரத்தம் எடுத்துடலாமா?"

"வேணாங்க. மறுபடி ஊசின்னா மயக்கம் போட்டுருவா. நிச்சயத்துக்கு நாள் இல்ல. மாத்திரையே குடுத்துடுங்க."

"ஆறு வாரம் கழிச்சுக் கண்டிப்பா எடுக்கணும். அதையாவது பொண்ணு பேர்ல எடுங்க." எழுதிக்கொண்டே டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு ஏன் தொண்ட கட்டியிருக்கு?"

"மைக்குல கத்துற தொழில்ங்க."

வெளியே வந்து மருந்துக்கடையில் மாத்திரையைக் கையில் வாங்கிய அந்த வினாடி, தோளில் ஒரு கை விழுந்தது.

"வாங்க சார். எங்க இந்தப் பக்கம்?"

கோவிந்தசாமி. மாப்பிள்ளையின் தாய்மாமன். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் வில்லங்கச் சான்று எழுதி ஓய்வுபெற்றவர். நிலமானாலும் பெண்ணானாலும் முப்பது வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். நிச்சயம் ஆகாதவரை சம்பந்தி என்று வாய்தவறிக்கூடக் கூப்பிடாதவர். நல்லவேளை, இளமதியும் தங்கம்மாளும் முன்னாலேயே பஸ்ஸுக்கு நடந்திருந்தார்கள்.

"யாருக்கு சார் மாத்திர?"

"எனக்குத்தான் மாமா."

கோவிந்தசாமி கேட்காமலே சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார். சடையப்பன், ஆண், வயது ஐம்பத்திரண்டு. டாக்டர் கையெழுத்து, முத்திரை, தேதி. எல்லாம் சரியாக இருந்தது.

"தைராய்டா? ஐயோ பாவம். ஆளும் கொஞ்சம் ஊதின மாதிரிதான் இருக்கீங்க."

தான் போடும் வேஷம் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே என்று சடையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. அது அரை நிமிஷம்தான் நீடித்தது.

"இது வம்சத்துல வருமாமே சார். பொண்ணுக்கும் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு மாமா. நார்மல்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லது. அந்த ரிப்போர்ட்ட நிச்சயத்துக்கு முன்னாடி குடுத்துடுங்க. நம்பாம கேக்கல. மத்த பேப்பரோட சேத்து வச்சிடலாம்னுதான்."

அன்று சாயங்காலமே கோவிந்தசாமி ஏதோ வேலையாகக் கடலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் பக்கிரியிடம், "உங்க டைம் கீப்பர் சார நல்லாப் பாத்துக்குங்கப்பா, தைராய்டு" என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை சடையப்பன் மைக்கைத் தொடும்முன் பக்கிரி வந்து நின்றான்.

"அண்ணே, அது பொம்பளைங்களுக்குத்தானே வரும்?"

"யாருக்கு வேணா வரும்."

"எங்க அண்ணிக்கு இருக்கு. உங்கள மாதிரியேதான். எந்நேரமும் தூக்கம். முந்தாநேத்து நீங்க சேலம் பஸ்ஸ சிதம்பரம்னு சொல்லி, ஒரு கெழவி ஏறி உக்காந்து, நெய்வேலி போனப்புறந்தான் எறக்கி விட்டேன். இப்பத்தான் வெவரம் புரியுது."

மறுக்க முடியுமா? பக்கிரி மறுபடி கோவிந்தசாமியைப் பார்ப்பானே. "ஆமாண்டா, அதான்," என்று சடையப்பன் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் வாய்க்கு எதுவும் நிம்மதியாகப் போகவில்லை. முட்டைக்கோஸ் ஆகாது என்று கேன்டீனில் தட்டிலிருந்து எடுத்தார்கள். வேர்க்கடலை ஆகாது என்று பக்கிரி கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் தானே தின்றான். டீக்கடைக்காரர் கொத்தமல்லி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தினம் ஒரு டம்ளர் கொடுத்து, குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். டிரைவர்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். இல்லாத வியாதிக்கு இத்தனை பத்தியம் இருந்தவர் கடலூரில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் குரல் கேட்டது. "சார் எழுந்தாச்சா?" கோவிந்தசாமி. கையில் ஒரு பை.

இளமதி அப்போதுதான் மாத்திரையும் தண்ணீருமாக நின்றிருந்தாள். தங்கம்மாள் அவள் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கிக் கணவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மகளைச் சமையலறைக்குள் தள்ளினாள்.

"மாத்திர நேரமா? போடுங்க, போடுங்க. வெறும் வயித்துலதான் போடணும்," என்றார் கோவிந்தசாமி. சடையப்பன் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாது என்பதும் கோவிந்தசாமிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு மணி நேரமும் எதிரில் உட்கார்ந்து, தங்கம்மாள் கொடுத்த டிகிரி காபியை ஆற்றி ஆற்றி அவர் குடித்தார்.

"பொண்ணு ரிப்போர்ட்டு?"

"பீரோவுல இருக்கு மாமா. சாவிதான் எங்கயோ வச்சிட்டேன். மறதி."

"தைராய்டுன்னா மறதி இருக்கத்தான் செய்யும்," என்று கோவிந்தசாமி ஒப்புக்கொண்டார். "ஆனா அது ரொம்பப் பழசாயிருக்கும். புதுசா ஒண்ணு எடுத்துடுங்க. வில்லங்கம்னா கடைசித் தேதி வரைக்கும் பாக்கணும்."

இதற்கிடையில் இளமதி வேறு ஆளாக மாறியிருந்தாள். விடியற்காலை எழுந்து பரணைச் சுத்தம் செய்தாள். சுத்தம் செய்த பரணை மறுநாளும் சுத்தம் செய்தாள். தைக்கக் கொடுத்த நிச்சயதார்த்த ரவிக்கை மூன்று விரல் தொளதொளத்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போது விரல் நடுங்கி, சரி போட வேண்டிய இடமெல்லாம் மின்னல் வெட்டியது போல் கோடு விழுந்தது.

"மாத்திர நல்லா வேல செய்யுதுங்க," என்று தங்கம்மாள் பூரித்தாள். "ஒடம்பு எப்படி எளச்சிட்டா பாருங்க."

"நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. தூக்கமே வரல."

"கல்யாணப் பொண்ணுக்கு அப்படித்தான் அடிக்கும்."

சடையப்பனுக்கு மகள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒரு நாள் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவர்கிட்ட நானே சொல்லிடட்டுமாப்பா? புரிஞ்சிக்குவாருன்னு தோணுது," என்று கேட்டாள். அவர் பதறிவிட்டார். அவன் புரிந்துகொள்வான், அவன் மாமன் புரிந்துகொள்ளமாட்டாரே. இந்த இடமும் போனால் இவள் இன்னொருவனை "ஓகே" என்று சொல்ல எத்தனை வருஷம் ஆகுமோ? "நான் பாத்துக்குறேன்," என்றார். பார்த்துக்கொள்வதற்கு உடம்பில் தெம்பு இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆக, இளமதி பேரில் ஒரு நல்ல ரிப்போர்ட் வேண்டும். இளமதி ரத்தத்தில் அது கிடைக்காது. வேறு யாருடைய ரத்தம்?

"நீ குடு," என்றார் தங்கம்மாளிடம்.

"எனக்கும் இருந்து தொலைச்சா? அப்புறம் என்னையும் ஒரு பேருக்குப் பின்னால ஒளிக்கணும்."

நியாயம்தான். சடையப்பன் யோசித்தார். வீட்டில் சோதித்துப் பார்த்து நல்லது என்று நிரூபணமான ரத்தம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எண்பத்துநாலு.

ஆறாவது வாரம் அப்பாவும் மகளும் மறுபடி லேபுக்குப் போனார்கள். டாக்டர் கேட்ட சோதனை இளமதிக்கு, மாமன் கேட்ட சோதனை இளமதி பேருக்கு. ஒரே பஸ் செலவில் இரண்டும் முடிந்துவிடும்.

"பேரு?" என்றாள் பிரிசில்லா.

"பாப்பாவுக்கு எழுதிக்கம்மா. சடையப்பன், ஆண், அம்பத்திரண்டு."

"அது தெரியும். உங்களுக்கு?"

சடையப்பன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "இளமதி. பெண். இருவத்தேழு."

பிரிசில்லா பேனாவைக் கீழே வைத்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். காலையில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

"அதாவது, நீங்க அவங்க. அவங்க நீங்க."

"ரிப்போர்ட் வர்ற வரைக்குந்தாம்மா."

"கைய நீட்டுங்க, இளமதி," என்றாள் பிரிசில்லா.

ரிப்போர்ட்டைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சடையப்பன் போனில் சொன்னார். கோவிந்தசாமி கேட்கவில்லை. "நீங்க எதுக்கு சார் முடியாத ஒடம்போட அலையணும்? லேபுலயே வந்து வாங்கிக்கிறேன். கை மாறுன பேப்பர் எனக்கு ஒத்துக்காது." வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் மஞ்சக்குப்பத்து லேபின் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சடையப்பனுக்குப் பயமே இல்லை. கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது.

பிரிசில்லா உள்ளே யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டே, மேசைமேல் இருந்த இரண்டு கவர்களைக் கண்ணால் காட்டினாள். இளமதி என்று எழுதியிருந்ததைக் கோவிந்தசாமி எடுத்து, ஓரத்தைக் கிழித்து, கண்ணாடியைப் போட்டார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அறுவத்தொண்ணு," என்றார்.

"என்னாது?"

"இளமதி, பெண், இருவத்தேழு. அஞ்சுக்குள்ள இருக்கணும்னு பக்கத்துலயே போட்டிருக்கான். அறுவத்தொண்ணு." காகிதத்தை மடித்தார். "நார்மல்னு சொன்னீங்களே சார்."

சடையப்பனின் தூக்கம் கலைந்தது. முப்பத்தெட்டை மறைக்கப் போய் அறுபத்தொன்றை அவரே விலைக்கு வாங்கி மாமன் கையில் கொடுத்தாகிவிட்டது. லேபில் ஏதோ தப்பு பண்ணியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும். மகள் தொளதொளத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றது நினைவுக்கு வந்தது.

"மாமா, அது அவ ரத்தமில்ல. என் ரத்தம். அவ பேர்ல நான் குடுத்தேன்."

"பொண்ணப் பெத்த எவனும் சொல்ற பேச்சுதான்."

"சத்தியமா மாமா. அந்தப் பொண்ணக் கேளுங்க."

உள்ளேயிருந்து பிரிசில்லா, "ஆமா சார், அவர் கையிலதான் எடுத்தேன்," என்றாள். அவள் குரலில் ஆச்சரியம், வருத்தம் ஒன்றும் இல்லை.

சடையப்பன் கொட்டிவிட்டார். முதல் நாள் பேர் மாற்றியது, சிதம்பரத்து டாக்டர், மருந்துக்கடை, ஞாயிற்றுக்கிழமை முழுங்கிய மாத்திரை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. சொல்லி முடித்ததும் பெஞ்சில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

கோவிந்தசாமி மடித்த காகிதத்தைப் பெஞ்சில் போட்டார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வியாதி யாருக்கும் வரும் சார். என் சம்சாரத்துக்கே சுகர் இருக்கு. மாத்திர போட்டா சரியாப் போவுது. அதுக்காக நாங்க வேணாம்னு சொல்ற ஆளுங்க இல்ல. ஆனா நீங்க என் மூஞ்சியப் பாத்து ரெண்டு சொன்னீங்க. உங்களுக்கு வியாதின்னீங்க. பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னீங்க. ரெண்டும் பொய்யின்னு இப்ப நீங்களே சொல்றீங்க. பொய்யில ஆரம்பிக்கிற சம்பந்தத்துல நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

நியாயம் பூராவும் எதிர்ப்பக்கம் இருந்தது. இளமதியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் சடையப்பன் மனதில் ஓடியது.

கோவிந்தசாமி செருப்பில் காலை நுழைத்தார். அதற்குள் பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மேசைமேல் கிடந்த இரண்டாவது கவரைப் பிரித்தாள். அதைப் பார்த்தாள். பெஞ்சில் கிடந்த அறுபத்தொன்றைப் பார்த்தாள். பிறகு சடையப்பனின் ஊதிய முகத்தையும், ஜூன் மாத வெயிலில் அவர் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பதையும் பார்த்தாள். பழைய நோட்டை எடுத்து ஆறு வாரம் பின்னால் புரட்டினாள்.

"ஒரு நிமிஷம் சார், போவாதீங்க. இந்த அறுவத்தொண்ணு இவரு கையிலேருந்து எடுத்தது, அது மாறல. பாப்பாவோடது பூஜ்யத்துக்கிட்ட எறங்கிக் கெடக்கு. வேண்டாதவங்க இந்த மாத்திரைய ஆறு வாரம் சாப்டாத்தான் இப்படி எறங்கும், டாக்டரக் கேட்டு உடனே நிறுத்தச் சொல்லுங்க. மொத நாளு கரண்ட் இல்லாம ரெண்டு குழாய்லயும் ஒரே பேர ஒட்டி மாத்தி அனுப்புனது நாந்தான், அந்த முப்பத்தெட்டும் இவரோடதுதான். தப்பு என்னோடது. அந்த எண்பத்தி நாலு சுகரும் பாப்பாவோடதா இருக்கும், உங்களுக்கு அதையும் திருப்பிப் பாக்கணும் சார்."

சடையப்பன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கோவிந்தசாமி ஒரு செருப்போடு வாசலில் நின்றார்.

"அதனால என்னா? பொய் பொய்தானே?"

பிரிசில்லா நோட்டை மூடினாள். "எந்தப் பொய் சார்? பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாரு, ஒண்ணுமில்ல. தனக்குத்தான் தைராய்டுன்னு சொன்னாரு, இவருக்குத்தான் தைராய்டு. ஒன்றர மாசமா ஊரு பூரா இவரு சொல்லிக்கிட்டிருந்தது அத்தனையும் நெசம், அது இவருக்குத்தான் தெரியல."